அரை முட்டை கிடையாது

எட்டு வருஷம் நான் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ் எங்கள் ஊர் முனைக்குக் காலை ஆறே காலுக்கு வரும். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் ஆயிரம் வேலை. காலையில் ஒரு பன்னும் டீயும், மதியம் ஒரு பன்னும் டீயும் கொடுத்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் சமயத்தில் டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா, என்ன குடுத்து வளத்த?" என்று கேட்டார். பன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால், எங்கள் மகளிர் குழு குழந்தைகள் காப்பகம் நடத்த அரசு மானியம் கேட்டு எழுதிப் போட்டு, அது கிடைத்தும் விட்டபோது, யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் முதலில் கை தூக்கியவள் நான்தான். கம்பெனி சம்பளத்தில் பாதிகூட இதில் இல்லை. வீட்டில் சண்டை நடந்தது. நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊராட்சியின் பழைய கட்டடத்தில் இரண்டு அறை, பின்னால் ஒரு சமையல் கொட்டகை. எதிரே இரும்பு உருக்கும் ஆலைகள். கிழக்குக் காற்று அடித்தால் ஜன்னல் கட்டையில் கறுப்பாகத் தூசி படியும். காலையில் ஒரு முறை, குழந்தைகள் தூங்கும்போது ஒரு முறை துடைப்போம். இருபத்தைந்து குழந்தைகளுக்கு அனுமதி. காலையில் சத்துமாவுக் கஞ்சி, மதியம் சோறு, சாம்பார், ஒரு காய், வாரத்தில் மூன்று நாள் முட்டை, சாயந்திரம் சுண்டல். முதலில் நாங்கள் வாங்கிச் சமைத்துப் போட வேண்டும். மாதம் முடிந்ததும் எத்தனை குழந்தை எத்தனை நாள் சாப்பிட்டது என்று எழுதி அனுப்பினால், ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று அரசு திருப்பித் தரும். அதற்கு ஒவ்வொரு குழந்தையின் பெயரும் ஆதார் எண்ணோடு போனில் உள்ள செயலியில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத குழந்தை சாப்பிட்டால் அது சாப்பிட்டதாகவே ஆகாது.

என்னோடு வேலை பார்த்தவர் எங்கள் சமையல் அக்கா. பக்கத்துக் காலனியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அண்ணன் தம்பி எல்லாம் இப்போது ஆலையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவருடையதுதான். அந்தக் குரலிலேயே குழந்தைகளையும் அதட்டுவார், கீரைக்காரியிடம் பேரமும் பேசுவார்.

பொங்கல் முடிந்து ஒரு திங்கட்கிழமை. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஒடிசாக்காரி என்று அவள் புடவைக் கட்டிலேயே தெரிந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் ஒரு பையன். புருஷனுக்கு ஆலையில் வேலை. அவளுக்கும் பழைய இரும்பைப் பிரித்துப் போடும் வேலை கிடைத்திருக்கிறது.

"அக்கா, பச்சா இங்க வெக்கலாமா? ரூம்ல பூட்டி வெச்சா அழுது" என்றாள்.

தகரக் கொட்டகையில் போனைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மூன்று நாளாக. மதியம் ஓடி வந்து பார்க்க மேஸ்திரி விடவில்லை. நான் என்ன யோசித்தேன் என்று இப்போது நினைவில்லை. கேட்டைத் திறந்தேன், அது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு மாதத்துக்குள் அப்படி ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒடிசா, பீகார் என்று எல்லாரும் அதே கொட்டகை வரிசை. குழந்தைகளுக்கு ஆதார் இல்லை. இருந்த ஒன்றிரண்டும் ஊர் விலாசத்தில் இருந்ததால் செயலி ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வட்டாரத்துச் சூப்பர்வைசர் மேடத்துக்குப் போன் செய்தேன். நல்லவர்தான். நாற்பது மையத்தை ஒரே ஆளாகச் சுற்றுகிறவர். "ஏத்த முடியாதும்மா. நீயா சேத்துக்கினா அது ஒன்னோட பொறுப்பு" என்றார்.

அதுவரை வராத குழந்தைகளின் முட்டையைக் கொடுத்துச் சமாளித்தோம். எல்லாரும் வந்திருந்த முதல் முட்டை நாள் வந்தது. இருபத்தைந்து முட்டை, முப்பத்திரண்டு தட்டு. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஏழு முட்டையை நூல் வைத்து இரண்டாக அறுத்தார். பதினான்கு பேருக்குப் பாதிப் பாதி. முடிந்தது வேலை என்றுதான் நினைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாலு வயதுப் பையன் ஒருவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதோட இன்னொண்ணு எங்க?"

"அவ்ளோதான் நைனா, துன்னு" என்றார் சமையல் அக்கா.

அவன் விடவில்லை. எழுந்து போய் வரிசையில் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தான். மறுபாதி ஒடிசாப் பையனின் தட்டில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். சண்டை போடவில்லை, பிடுங்கவும் இல்லை. அது வாய்க்குள் போய் முடியும் வரைக்கும் பார்த்தான். அந்த ஒடிசாப் பையனோ எதிரே முழு முட்டை வைத்திருந்த பெண்ணின் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிற வழியிலேயே ஜன்னலோரப் பையனின் அம்மா வந்து கத்தினாள். அவள் மோட்டார் பாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. "எம் புள்ள முட்டய அறுத்து வடக்கத்தியான் புள்ளைக்குக் குடுக்கறியாமே? நீ யாருக்கா எம் புள்ளைத எடுத்துக் குடுக்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய குழந்தைக்கு அரசு ஒதுக்கிய முட்டையை எடுத்து நான் தர்மம் செய்திருக்கிறேன். ஒடிசாப் பையனுக்கும் நான் கொடுத்தது ஒரு பாதிப் பிச்சை. அன்றைக்கே சமையல் அக்காவிடம் சொன்னேன்: "இனி இங்க அரை முட்டை கிடையாது. குடுத்தா முழுசா எல்லாருக்கும். இல்லன்னா யாருக்கும் இல்ல."

"மீதி ஏழுக்கு டப்பு?" என்றார் அக்கா.

"பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டோம். கொஞ்சம் என் சம்பளம், கொஞ்சம் குழுப் பெண்கள். ஒடிசா அம்மாக்கள் சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆளுக்கொரு கிலோ உருளைக்கிழங்கோ வெங்காயமோ கொண்டு வந்து சமையல் கொட்டகையில் வைத்துவிட்டுப் போவார்கள். வருகைப் பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயரையும் எழுதினேன். இருபத்தைந்துக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே ஏழு பெயர். அந்த ஏழு பெயரை எழுதாமல் விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. மற்ற மையங்களில் இப்படி நாலைந்து குழந்தைகள் எழுத்தில் இல்லாமலே உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு குழந்தை காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை என் கண்முன்னால் விளையாடி, தூங்கி, வாந்தி எடுத்து, சிரித்துவிட்டுப் போகிறது. அது வந்ததை என் கையால் எப்படி எழுதாமல் இருப்பது?

மார்ச் மாத வெயிலில் ஒரு நாள் மதியம் ஜீப் வந்தது. துறையிலிருந்து ஓர் அதிகாரி. சூப்பர்வைசர் மேடமும் பின்னால் இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தட்டு வைத்துச் சோறு போட்டு முடிந்த நேரம். அதிகாரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, விரல் நீட்டி எண்ணினார். பிறகு பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன கோடு?"

சொன்னேன்.

"இந்த ஏழு பேர் இங்க இருக்கவே கூடாதும்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இவங்கள வெளிய அனுப்புங்க. பேர அடிச்சிடுங்க."

"எப்ப சார்?"

"எப்பன்னா? இப்பவே."

குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சார், அந்த ஏழு பேரு யாருன்னு நான் காட்றேன்" என்றேன். "இதோ இவன். அந்த மஞ்ச சட்டை. அங்க கோடியில ரெண்டு பேரு. தட்ட நீங்களே எடுத்துடுங்க. எங்க கையால போட்டோம், எங்க கையால எடுக்க மாட்டோம்."

அவர் உண்மையாகவே குனிந்தார். முதல் நாள் இடுப்பில் வந்த அந்த ஒடிசாப் பெண் குழந்தைதான் கிட்டத்தில் இருந்தது. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அவர் நிழல் தட்டின் மேல் விழுந்ததும் அது நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அழவில்லை. வாயில் சோறு இருந்தது. மென்றுகொண்டே அவரைப் பார்த்தது.

அவர் நிமிர்ந்துவிட்டார். "நாடகம் போடாதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டின் பக்கத்தைப் போனில் படம் எடுத்தார். போகும்போது சமையல் அக்கா, "சார், ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்றார். கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று நானும் கேட்டதில்லை.

பத்து நாளில் குறிப்பாணை வந்தது. அனுமதி இல்லாத குழந்தைகளைச் சேர்த்ததற்கு விளக்கம் தர வேண்டும். அதுவரை உணவுத் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. மானியம் தொடர்வது மறுபரிசீலனை செய்யப்படும். நிறுத்தியது ஏழு பேருக்கான தொகையை இல்லை, அதை அவர்கள் எப்போதும் தந்ததே கிடையாது. மற்ற இருபத்தைந்து பேருக்கானதை.

அன்று சாயந்திரம் சூப்பர்வைசர் மேடம் தனியாக ஸ்கூட்டியில் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஒரே வரி எழுதிக் குடும்மா. தவறுதலா நடந்துடுச்சு, இனி நடக்காதுன்னு. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்காகத்தான் சொன்னார். அவருக்கும் இதில் பேஜாரு இருந்தது.

இரவெல்லாம் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. அவர் முன்னாலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். ஏழு குழந்தைகளின் பெயர், வயது, எந்தக் கொட்டகை, அம்மா அப்பா என்ன வேலை, எத்தனை நாளாக வருகிறார்கள் என்று வரிசையாக எழுதினேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'தவறு எதுவும் நடக்கவில்லை. இது இனியும் நடக்கும்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

மேடம் படித்தார். "ஒனக்கு எதுக்கு இவ்ளோ திமிரு?" என்றார். ஆனால் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கொடுத்தும்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி வீரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மளிகைக் கடைக்காரர் இரண்டு மாதம் பொறுத்துவிட்டுக் கையை விரித்தார். மூன்று நாள் முட்டை இரண்டு நாளாயிற்று, பிறகு ஒரு நாள். ஒரு புதன்கிழமை யாருக்குமே இல்லை. அக்கா தன் வீட்டு மரத்து முருங்கைக் கீரையை உருவிக்கொண்டு வந்து பருப்பில் போட்டார். ஜன்னலோரப் பையன் என்னிடம் வந்து, "கோழி முட்ட போடலயா?" என்று கேட்டான். ஆமாம் என்று பொய் சொன்னேன். அன்று முழுக்க எனக்கே என் மேல் எரிச்சல். ஏழு பேருக்காக இருபத்தைந்து பேரைப் பட்டினி போடுகிறேனோ என்று தோன்றியது. அந்தக் கடிதத்தின் கடைசி வரியை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று ஓரிரு முறை நினைத்திருக்கிறேன். அதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

அந்த வாரம்தான் கிராமச் செவிலியர் வந்தார். மாதம் ஒரு முறை வந்து தடுப்பூசி யாருக்கு விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பார். பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஏழு பெயரும் அதில் இருந்தன. அவரே அவர்களுடைய தகரக் கொட்டகைகளுக்குப் போய் எழுதி வந்தது. குழந்தைகளின் அட்டையும் அம்மாக்களிடம் இருந்தது. அரசு முத்திரையோடு, இந்த ஊர் துணை சுகாதார நிலையத்தின் பெயரோடு.

சமையல் அக்கா கரண்டியோடு கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தச் சர்ச் குரலில் சொன்னார்: "இன்னா அநியாயம் இது! ஊசி குத்தும்போது எந்த ஊருன்னு கேக்கல. சோறு போடும்போது மட்டும் கேக்கறானுங்க!"

செவிலியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசினேன். மையமே மூடப்படலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, "அந்த ஏழ மட்டும் நிறுத்திட்டா நம்ம புள்ளைங்களுக்கு வந்துடுமில்ல?" என்று கேட்டாள். ஒடிசாப் பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். பேச்சு முழுவதும் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் எதைப் பற்றி என்பது புரிந்திருந்தது.

அப்போது எழுந்தவள் அன்றைக்கு வந்து கத்தினாளே, அந்த ஜன்னலோரப் பையனின் அம்மா. என்னை ஒரு பிடி பிடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்க ஊட்டுக்காரு போன வருசம் புனேல வேலைக்குப் போனாரு. அங்க ரேஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ எங்க ஊரு ஆளே இல்லன்னு சொல்லிட்டானுங்களாம். வடா பாவ் துன்னுக்கினே மூணு மாசம் இருந்தாரு. ஒடம்பு கெட்டு வந்து சேந்தாரு. எம் புள்ள முட்டய அறுத்தப்ப நான் வந்து கேட்டேன். கேப்பேன். ஆனா இன்னொருத்தி புள்ளய வெளிய போன்னு சொல்றதுக்கு என்னால ஆவாது. எங்க போயி கேக்கணும், சொல்லுக்கா. லீவு போட்டுட்டு வரேன்."

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். எங்களுடையதும் திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் ரயிலில் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும் என்றால் சென்னை வரைக்கும் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, மறுபடி மேற்கே வர வேண்டும். வேப்பம்பட்டு தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. அன்று நாங்கள் நாலு பேர். வரிசையில் நின்று மனு கொடுத்தோம். முத்திரை குத்திச் சீட்டுக் கொடுத்தார்கள். நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்கள். இரண்டாவது திங்கட்கிழமை ஆறு பேர் போனோம். அதே சீட்டு, அதே பதில். ஜீப்பில் வந்த அந்தத் துறை அதிகாரி எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல ஒரு கதவுக்குள் போனார்.

மூன்றாவது வாரம் எப்படிப் போவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அதுவரை மையத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவும் இந்த முறை வருகிறேன் என்றார். இருவரும் போனால் மையத்தை மூட வேண்டும். மூடினால் குழந்தைகளை எங்கே விடுவது? "ஏன், அவங்களையும் இட்டுக்கினு போலாம்" என்றார் அக்கா. "நேரத்துக்குச் சோறு போடணும்னு சட்டம் கீதுல்ல? எங்க கீறோமோ அங்க போடுவோம்."

பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர் எங்கள் மையத்துக் குழந்தைக்குத் தாய்மாமன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்றரை மணி வரைக்கும் வண்டி சும்மாதான் நிற்கும். டீசல் மட்டும் போட்டால் போதும் என்றார். விடியற்காலையிலேயே அக்கா சமைத்துவிட்டார். சோறு ஒரு அண்டா, சாம்பார் ஒரு அண்டா, பொரியல், முட்டை. முட்டைக்கு அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து போட்டார்கள். மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல். மற்ற இருபத்தொன்பது பேரும் பெரியபாளையம் வழியாகப் பாடிக்கொண்டே வந்தார்கள். அம்மாக்களில் பாதிப் பேர் பின்னால் பஸ்ஸில் வந்தார்கள்.

மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணி ஆயிற்று. குழந்தைகளுக்குப் பசி. கை கழுவி விட்டோம், தட்டு வைத்தோம். காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார்.

"இங்கல்லாம் சாப்பிடக் கூடாதும்மா!"

"எங்க சாப்பிடலாம்னு சொல்லு நைனா, அங்க போறோம்" என்றார் அக்கா, கரண்டியை நிறுத்தாமல். "அதக் கேக்கத்தான் மூணு வாரமா வந்துக்கினு கீறோம்."

ஒரு குழந்தை தண்ணீர் கேட்டதும், காவலுக்கு நின்றவரே உள்ளே போய்க் குடத்தோடு கொண்டு வந்து வைத்தார்.

மனு கொடுக்க வந்த ஜனம் சுற்றி நின்றது. சிலர் படம் எடுத்தார்கள். மனு வாங்கும் பெரிய அதிகாரியான அம்மையார் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தபோது வராந்தாவில் வழி இல்லை. நின்றார். "யாருங்க இவங்கள்லாம்?" என்று கேட்டார்.

நான் பேச வாய் திறந்தேன். அதற்குள் அந்த ஒடிசாப் பெண் முன்னால் போய்விட்டாள். கையில் இரண்டு தடுப்பூசி அட்டை. இதற்கு முன் அவள் என்னிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

"மேடம், இது சர்க்கார் கார்டு. இது என் பையன், இது என் பொண்ணு. ஊசி போட்ட சர்க்கார் பேர் எழுதிச்சு. சாப்பாடு போடற சர்க்கார் பேர் இல்ல சொல்லுது. ரெண்டு சர்க்காரா மேடம்?"

அந்த அம்மையார் அட்டையை வாங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளேயிருந்து எங்கள் துறை அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து, செயலி ஏற்றுக்கொள்ளவில்லை என்றார். விதி இல்லை என்றார். அம்மையார் குரலை உயர்த்தவே இல்லை. "விதிப் புத்தகத்த எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க. இவங்களச் சேக்கக் கூடாதுன்னு எந்த இடத்துல எழுதியிருக்குன்னு காட்டுங்க" என்றார். என்னைப் பார்த்து, "குழந்தைங்கள இவ்ளோ தூரம் வெயில்ல கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதும்மா" என்று கண்டித்தார்.

"அங்கயே கெடச்சிருந்தா வந்திருக்க மாட்டோம் மேடம்" என்றேன்.

வேன்காரர் மணியாகிவிட்டது என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். திரும்பும் வழியில் எல்லாக் குழந்தைகளும் தூங்கிவிட்டன. ஜெயித்தோமா தோற்றோமா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் பெரியபாளையத்தில் டீக்கு நிறுத்தச் சொல்லி, ஆளாளுக்கு நடந்ததை நடித்துக் காட்டிச் சிரித்தோம்.

உத்தரவு வர ஐந்து வாரம் ஆயிற்று. தடுப்பூசி அட்டையும் ஊராட்சியின் கடிதமும் இருந்தால் எங்கள் மையத்தில் தற்காலிகமாகச் சேர்க்கலாம் என்று ஒரு பக்கத் தாள். சூப்பர்வைசர் மேடமே கொண்டு வந்து கொடுத்து, தானே உட்கார்ந்து செயலியில் ஏற்றினார். ஐந்து பெயர்தான் ஏறியது. மற்ற இரண்டு பேர், பேசினாளே அந்தப் பெண்ணின் பையனும் பெண்ணும். மேஸ்திரி அவர்களை ஒரகடம் பக்கம் வேறு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய் பதினொரு நாளாகியிருந்தது. யார் கேட்டு வாங்கினார்களோ அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. அக்கா கொட்டகைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்த்தார்.

நிறுத்தி வைத்த தொகை ஆடி மாதத்தில் வந்தது. இருபத்தைந்து பேருக்கு மட்டும். ஏழு பேர் சாப்பிட்ட அத்தனை மாதத்துக்கும் ஒன்றும் வரவில்லை, வரவும் வராது. என் கோப்பில் 'கடுமையாக எச்சரிக்கப்பட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். அதை நீக்கச் சொல்லி மனு போடலாம் என்றார்கள். நான் போடவில்லை. இருக்கட்டும். என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஒரு நாள் படித்துப் பார்க்கட்டும்.

எங்கள் துறை அதிகாரி பிறகு ஒரு முறை வந்தார். எண்ணினார். முப்பத்தொன்று இருந்தது, முப்பதுதான் ஏறியிருந்தது. புதிதாக வந்த பீகார்க் குழந்தைக்கு அட்டை வாங்க எழுதிப் போட்டிருந்தோம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. ஒடிசாப் பெண்தான். இப்போது தமிழ் நன்றாகவே பேசுகிறாள். ஒரகடத்தில் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மையம் இருக்கிறதாம். போய்க் கேட்டால் பெயர் ஏறாது என்கிறார்களாம்.

"கார்டு காட்டினியா?"

"காட்டினேன் அக்கா. மேல கேளுன்னு சொல்றாங்க."

"அங்க ஒன்ன மாதிரி எத்தன பேரு?"

"ஒம்போது."

"ஒம்போது பேரும் போங்க. புள்ளைங்கள இட்டுக்கினு போங்க. எழுதித் தரச் சொல்லு. முடியாதுன்னா முடியாதுன்னும் எழுதித் தரச் சொல்லு. ஒக்காருன்னு நாக்காலி போடுவாங்க, ஒக்காராத. பேர எழுதற வரைக்கும் நின்னுக்கினே இரு."

அவள் அந்தப் பக்கம் யாரிடமோ அவர்கள் பாஷையில் வேகமாகச் சொன்னாள். பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. பிறகு என்னிடம், "திங்கக்கெழம போறோம் அக்கா" என்றாள்.